தலையிடிக்குக் குளிசை, குளிசையால் தலையிடி

எமது செய்திமடலின் சுகாதாரப் பக்கத்தில் வழமையாக டொக்டர்மார்தான் எழுதுவார்கள். நீரிழிவு, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் மாறிமாறி வரும். தலையிடி மட்டும் வருவதில்லை. தலையிடியால் யாரும் சாவதில்லைத்தானே என்ற எண்ணமாக இருக்கலாம். நான் டொக்டர் அல்லன், மருந்தாளரும் அல்லன். கிழக்கு லண்டனில் ஒரு மருந்துக்கடையின் முன்மேசையில் 1996ஆம் ஆண்டு முதல் நின்று, மருந்தாளரின் மேற்பார்வையில் குளிசைப் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பவன். இவ்வளவு காலமும் எம்மவர்கள் என்னிடம் அதிகமாக வாங்கிய பொருள் எதுவென்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: தலையிடிக் குளிசை.

அந்த விற்பனையில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு வாரம் தவறாமல் வரும் ஓர் அன்ரி இருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், அவருடைய சம்மதமும் பெற்றிருக்கிறேன்.) "தம்பி, அந்தக் கரையிற குளிசை ரெண்டு பெட்டி தாரும்" என்பார். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் அந்தக் குளிசையில் மூன்று சரக்குகள் உண்டு: பரசிற்றமோல், கோடீன், கஃபீன். "ஒரு பெட்டிதான் தரலாம் அன்ரி. மூண்டு நாளைக்கு மேல எடுக்கக் கூடாது, தெரியும்தானே?" என்று நான் கேட்பேன். "ஓமோம், தெரியும்" என்று அவர் தலையாட்டுவார். கேட்க வேண்டியதை நான் கேட்டுவிட்டேன், சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். பெட்டி கைமாறும். அடுத்த பெட்டியை அவர் தெருமுனையிலுள்ள மற்றக் கடையில் வாங்குவார் என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஏறக்குறைய ஆறு வருடம் இப்படிப் போனது.

ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம், "தம்பி, இப்பவெல்லாம் காலமை எழும்பேக்கயே இடிக்குது. குளிசை போட்டாத்தான் பல்லுத்தீட்டவே ஏலும். தலைக்குள்ள ஏதும் வளருதோ?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. தனது தாய் தலையில் கட்டி வந்து இறந்தவர் என்பதை அன்றுதான் சொன்னார். ஆறு வருடமாக அந்தப் பயத்தை ஒவ்வொரு நாளும் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறார்.

அவருடைய தலைக்குள் எதுவும் வளரவில்லை. அவருக்கு ஊரில் இருக்கும்போதே, பெரியபிள்ளையான காலம் தொட்டு, மாதத்தில் ஓரிரு நாள் ஒற்றைத் தலையிடி வரும். அந்த ஓரிரு நாளை முப்பது நாளாக்கியது அந்தக் குளிசைதான்.

இதை நம்புவது கடினம் என்பது எனக்குத் தெரியும். தலையிடியைத் தீர்க்கும் மருந்து எப்படித் தலையிடியைத் தரும்? ஆனால் இது மருத்துவ உலகில் சந்தேகமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நோய். மருந்தை மிகையாகப் பாவிப்பதால் வரும் தலையிடி என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. உலகில் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். சர்வதேச தலையிடிச் சங்கம் வகுத்த எல்லைக்கோட்டை ஒவ்வொருவரும் மனனம் செய்து வைத்திருப்பது நல்லது. சாதாரண பரசிற்றமோல், ஆஸ்பிரின், இபுபுரோபன் ஆகியவற்றை மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்தால் ஆபத்து. கோடீன் கலந்தவை, பல சரக்குகள் சேர்த்துச் செய்தவை, மைக்ரேனுக்கென்றே உள்ள சுமாற்றிப்ரான் போன்றவை என்றால் 10 நாட்களே போதும். கவனிக்க: எத்தனை குளிசை என்பதல்ல கணக்கு, எத்தனை நாள் என்பதே கணக்கு. ஒரு நாளைக்கு ஒன்றுதான் போடுகிறேன் என்று பெருமைப்படுபவர் தினமும் போட்டால் முப்பது நாள்!

ஏன் இப்படி நடக்கிறது? தலையிடிக்கு இயல்பிலேயே வாகான மூளையில், வலியை உணரும் நரம்புத் தொகுதி இந்த மருந்துகளால் மேலும் கூர்மையாகிவிடுகிறது. மருந்தின் வேகம் குறையும்போது வலி திரும்பி வருகிறது. அதற்கு மீண்டும் குளிசை. முழங்கால் வலிக்காக இதே குளிசையைத் தினமும் எடுக்கும் ஒருவருக்கு, அவருக்கு முன்னர் தலையிடி வழக்கம் இல்லையென்றால், இது பெரும்பாலும் வருவதில்லை. தலையிடிக்காரரைத் தேடித்தான் இது வருகிறது.

கடைக்காரன் என்ற முறையில் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பரசிற்றமோல் பெரிய போத்தல்களில் தாராளமாக விற்றோம். 1998ஆம் ஆண்டு செப்டெம்பரில் கட்டுப்பாடு வந்தது. பலசரக்குக் கடையில் ஒரு பெட்டியில் 16, மருந்துக்கடையில் 32. ஈரல் பழுதாகி இறப்பவர்களைக் குறைப்பதற்காகச் செய்தார்கள். 2009ஆம் ஆண்டு செப்டெம்பரில் கோடீன் கலந்த குளிசைகளுக்கும் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. சீட்டு இல்லாமல் 32க்கு மேற்பட்ட பெட்டி விற்க முடியாது. பெட்டியின் முகப்பிலேயே, பழக்கத்துக்கு அடிமையாக்கலாம், மூன்று நாட்களுக்கு மட்டும் என்று அச்சிட வேண்டும். அளவுக்கு மீறினால் தலையிடி கூடும் என்று உள்ளே உள்ள தாளிலும் எழுத வேண்டும். எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அந்த எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் அன்ரி ஆறு வருடத்தில் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. நானும் ஒருநாளும் அதைத் தமிழில் சொன்னதில்லை. "மூண்டு நாள்" என்றேனே தவிர ஏன் மூன்று நாள் என்று சொல்லவில்லை.

எம்மவர்களிடம் பனடோல் ஒரு மருந்தாகவே கருதப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம். இலங்கையில் தெருமுனைக் கடையில் வெற்றிலை பாக்கு, தீப்பெட்டியோடு பனடோல் கார்டும் தொங்கும். கேட்டால், "மருந்து ஒண்டும் எடுக்கிறேல்ல, பனடோல் மட்டும்தான்" என்பார்கள். டொக்டர் கேட்டாலும் அதே பதில். அதற்கு மேல் தடிமனுக்குச் சுடுதண்ணீரில் கலந்து குடிக்கும் பொடி. அதற்குள்ளும் பரசிற்றமோல் இருப்பதைப் பலர் அறியார். வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்பதே உச்ச எல்லை. இரண்டையும் சேர்த்து எடுப்பவர் தெரியாமலே அதைத் தாண்டிவிடுவார். சென்னைக்குப் போய் வருபவர்கள் பெட்டிக்குள் சாரிடான் வாங்கி வந்து அக்கம்பக்கத்துக்கும் பங்கிடுவதுண்டு. அது பரசிற்றமோல், புரொப்பிபெனசோன், கஃபீன் என்ற மூன்றின் கூட்டு. மேலே சொன்ன பத்து நாள் கணக்கில் வரும் சாமான் அது.

சரி, குளிசை இல்லையென்றால் வேறென்ன செய்வது? அதற்கு முதலில் அது எந்தத் தலையிடி என்று தெரிய வேண்டும். இங்குதான் எமது சமூகத்தில் நடக்கும் ஒரு பெரிய தவறைச் சொல்ல விரும்புகிறேன்.

மைக்ரேனைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கானிலும் அது தெரியாது. நோயாளி சொல்லும் வார்த்தைகளை வைத்துத்தான் டொக்டர் நோயைக் கண்டுபிடிக்கிறார். அப்படியிருக்க, எமது தாய்மார் ஜி.பி.யிடம் போகும்போது மொழிபெயர்க்கக் கூட்டிப் போவது யாரை? பன்னிரண்டு வயதுப் பேரனை. அம்மம்மா தமிழில் சொல்கிறார்: "ஒரு பக்கம் விண்விண்ணெண்டு தெறிக்குது, வெளிச்சம் பாக்கக் கண் கூசுது, சத்தி வாறமாதிரிக் கிடக்கு, சமையல் மணமே பிடிக்கேல்ல." பேரன் ஆங்கிலத்தில் சொல்வது ஒரே வரி: அம்மம்மாவுக்குத் தலையிடி. டொக்டரும் பரசிற்றமோல் என்று எழுதுகிறார். அவரில் பிழை சொல்ல முடியுமா?

தமிழில் தலையிடிக்கு எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். விண்விண்ணென்று தெறிப்பது, ஒரு பக்கமாக வருவது, மாடிப்படி ஏறினால் கூடுவது, வெளிச்சமும் சத்தமும் ஒவ்வாதது என்றால் அநேகமாக மைக்ரேன். தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டினமாதிரி, பாறாங்கல்லை வைத்தமாதிரி, இரண்டு பக்கமும் ஒரே பாரம், ஆனாலும் வேலைகளைச் செய்து கொண்டு திரியலாம் என்றால் இறுக்கத் தலையிடி. கண்ணுக்குள் கம்பி ஏற்றினமாதிரி ஒரே பக்கம், நடுச்சாமத்தில் மணிக்கூடு வைத்தாற்போல ஒரே நேரத்துக்கு, அந்தப் பக்கத்துக் கண் சிவந்து தண்ணீர் ஓடும், படுக்க முடியாமல் அறைக்குள் உலாவ வைக்கும் என்றால் அது கொத்துத் தலையிடி. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கடைசியாகச் சொன்னதற்குப் பரசிற்றமோலோ கோடீனோ உதவாது. வேகமாகச் செலுத்தும் ஒட்சிசனும் சுமாற்றிப்ரான் ஊசியும் வேண்டும். எம் மொழியிலுள்ள இந்த வேறுபாடுகள் அத்தனையும் ஒரு சிறுபிள்ளையின் வாயில் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. என்.எச்.எஸ்.இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்குக் காசு கிடையாது. நேரம் பதியும்போதே கேட்க வேண்டும். வெட்கப்பட எதுவுமில்லை.

இறுக்கத் தலையிடிதான் உலகில் மிகப் பொதுவானது. மைக்ரேன் உலக மக்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. எந்தத் தலையிடியாயினும் மாதத்தில் 15 நாட்களுக்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேலாக நீடித்தால் அதை நாட்பட்ட தலையிடி என்கிறார்கள்.

எம்மவர்கள் தாமாகவே கண்டுபிடிக்கும் காரணங்கள் மூன்று. பிரஷர், சைனஸ், கண்ணாடி. பிரஷர் மிக மிக உயர்ந்தாலன்றிப் பொதுவாகத் தலையிடி தருவதில்லை. பிரஷர் கூடிய பலருக்கு ஒரு அறிகுறியும் இராது, அதுதான் அதன் ஆபத்தே. தலையிடி இல்லை, ஆகவே பிரஷர் இல்லை என்று குளிசையை நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. சைனஸ் என்று வருடக்கணக்காக மூக்குக்கு மருந்து விட்டுத் திரிபவர்களில் பலருக்கு இருப்பது மைக்ரேன். அதற்கும் மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வருவதுண்டு. கண்ணைச் சோதிப்பது நல்லதுதான். ஆனால் நாட்பட்ட தலையிடிக்குக் கண்ணாடி காரணமாவது குறைவு. நாலாவது காரணம் ஒன்றும் உண்டு: கண்ணூறு. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, புகைமணி அலறுவதைத் தவிர.

உண்மையான தூண்டுதல்கள் எமது வாழ்க்கை முறைக்குள் ஒளிந்திருக்கின்றன. பெற்றோல் ஸ்டேசனிலும் சுப்பர்மார்க்கற்றிலும் இரவு வேலை. ஒரு கிழமை இரவு, மறு கிழமை பகல். காலமை சாப்பிடாமல் வெறும் தேத்தண்ணீரோடு பஸ் ஏறுவது. பின்னேரம் நாலு மணிக்கு முதற்சோறு. மைக்ரேன் மூளைக்கு மாற்றம் பிடிக்காது. நித்திரை, சாப்பாடு, தேநீர் எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழந்தை அது. கந்தசஷ்டி விரதகாலத்தில் எங்கள் கடையில் தலையிடிக் குளிசைக்கு வருபவர்கள் கூடுவதை நான் ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். பட்டினி ஒரு காரணம். தினமும் ஐந்து கோப்பை தேநீர் குடித்தவர் சடுதியாக நிறுத்துவது இன்னொரு காரணம். கஃபீன் நின்றால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கும். விரதத்தை விடும்படி நான் சொல்லவில்லை. ஒரு கிழமைக்கு முன்பிருந்தே தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள், பால், பழமாவது நேரத்துக்கு எடுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இன்னுமொன்றைப் பேசாமல் விடமுடியாது. ஷெல் விழுந்து தலையில் காயப்பட்டவர்கள், தடுப்பில் தலையில் அடிவாங்கியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். தலைக்காயத்துக்குப் பின் வருடக்கணக்கில் தலையிடி தொடரலாம். நித்திரையைக் கெடுக்கும் பழைய நினைவுகளோடு சேர்ந்து அது மேலும் கூடலாம். அவர்கள் டொக்டரிடம் அந்தக் கதையைச் சொல்வதில்லை. தலையிடி என்று மட்டும் சொல்லிக் குளிசையோடு வருகிறார்கள். 1985இல் ஹெலன் பாம்பர் தொடங்கிய சித்திரவதைக்கு உள்ளானோருக்கான மருத்துவ அமைப்பு, 2011 முதல் ஃபிறீடம் ஃப்ரொம் ரோர்ச்சர் என்ற பெயரில் வடக்கு லண்டனில் இயங்குகிறது. அங்கு உதவி பெற்றவர்களில் இலங்கைத் தமிழர் பலர். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ஜி.பி. மூலம் அந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.

இனி ஸ்கான் பற்றி. "இஞ்ச ஸ்கான் எடுக்கிறாங்களில்லை, ஊருக்குப் போய்க் காசைக் குடுத்து எடுத்துக்கொண்டு வந்தனான்" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதபோது மனஆறுதலுக்காக மட்டும் ஸ்கானுக்கு அனுப்ப வேண்டாம் என்பது நைஸ் நிறுவனம் டொக்டர்மாருக்கு வழங்கிய அறிவுறுத்தல். கஞ்சத்தனம் என்று நாங்கள் நினைக்கிறோம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்த அறிவுறுத்தல் சரியென்றே கருதுகிறேன். ஸ்கான் ஒன்றுமில்லை என்று சொன்னபின் எங்கள் ஆட்கள் நிம்மதியாகப் பழைய குளிசைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் அன்ரியைப் போலத் தாயைப் பறிகொடுத்த பயத்தோடு இருப்பவருக்கு, ஏன் ஸ்கான் தேவையில்லை என்பதை உட்காரவைத்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்காத டொக்டரையும் நான் மன்னிக்கத் தயாரில்லை.

அதேநேரம், தாமதிக்கவே கூடாத தலையிடிகளும் உண்டு. இடிவிழுந்தாற்போலச் சில நிமிடங்களுக்குள் உச்சத்துக்கு ஏறும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் வழங்காமை, பேச்சுக் குழறுதல், மயக்கம்: உடனே 999. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலையிடி தொடங்கி, தலை சீவும்போது நெற்றிப்பொட்டு நோவும், சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலியும் இருந்தால் அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள். இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், பிந்தினால் கண்பார்வை போய்விடும். கர்ப்பத்தின் பிற்பாதியில் கடும் தலையிடியும் கண்ணில் மினுக்கமும் என்றால் உடனே மகப்பேற்றுப் பிரிவை அழையுங்கள். மைக்ரேனுக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தோன்றும் பெண்கள் ஈஸ்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசை எடுக்கக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். எங்கள் பிள்ளைகள் தாய்க்குத் தெரியாமல் அந்தக் குளிசையை எடுப்பதுண்டு என்பதால் இதை அவர்களும் வாசிக்கட்டும்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே போனால் சுகம் என்றால் டொக்டரிடம் போகுமுன் கொதிகலனைப் பாருங்கள். காபன் மொனொக்சைட் நிறமற்றது, மணமற்றது. பழைய வீடுகளில் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் எமது இளைஞர்களுக்கு இது முக்கியம். 2022 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில் வாடகை வீட்டில் கொதிகலன் உள்ள அறைக்கு அதற்கான எச்சரிக்கை மணியைப் பூட்டுவது வீட்டுக்காரரின் கடமை. வீடு கொடுப்பவர் எம்மவராயினும் தயங்காமல் கேளுங்கள். சந்தேகம் என்றால் யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 0800 111 999 என்ற எரிவாயு அவசர இலக்கத்தை அழையுங்கள்.

வைத்தியத்துக்கு வருவோம். மைக்ரேன் வரும் நாளில், தொடங்கிய உடனேயே, போதிய அளவில் ஒரு மருந்து. அதுவும் கிழமையில் இரண்டு நாளுக்கு மேற்படாமல். 2006 முதல் சுமாற்றிப்ரானை மருந்தாளரிடம் சீட்டு இல்லாமலும் பெறலாம். ஆனால் இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. இதய நோய் எமது சமூகத்தில் எவ்வளவு என்பது தெரியும்தானே, ஆகவே மருந்தாளர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

அடிக்கடி வந்தால், வராமல் தடுக்கும் மருந்துகள் உண்டு. புரொப்பிரனலோல் பழைய மருந்து, நல்ல மருந்து. தொய்வு உள்ளவர்களுக்குக் கூடாது. ரொப்பிராமேற் உண்டு; வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதால் 2024 ஜூன் முதல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கடும் நிபந்தனையோடுதான் கொடுக்கிறார்கள். அமிற்றிப்ரிலின் என்ற குளிசையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரவில் 10 மில்லிகிராம் என்று சிறிய அளவில் டொக்டர் எழுதுவார். வீட்டுக்குப் போனதும் மகனோ மருமகளோ தாளை வாசித்துவிட்டு, "அம்மா, இது மனவருத்தக்காரருக்குக் குடுக்கிற மருந்து" என்பார்கள். அம்மா அழுவார். பெட்டி அப்படியே எங்கள் கடைக்குத் திரும்பி வரும், அழிக்கச் சொல்லி. நான் இப்படி வாங்கிப் போட்ட பெட்டிகள் கொஞ்சமல்ல. மனச்சோர்வுக்கு அதைப் பெரிய அளவில் கொடுத்தார்கள் என்பது உண்மை. சிறிய அளவில் அது நரம்பு வலியையும் தலையிடியையும் தணிக்கிறது, நித்திரையும் தருகிறது. டொக்டர் உங்களைப் பைத்தியம் என்று நினைக்கவில்லை. எந்தத் தடுப்பு மருந்தும் பலன் காட்ட ஓரிரு மாதமாவது எடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நாலு நாளில் சுகமில்லை என்று நிறுத்துபவர்களே அதிகம்.

மூன்று மருந்துகளும் பலிக்காதவர்களுக்கு என்.எச்.எஸ்.இல் புதிய வழிகள் திறந்திருக்கின்றன. நாட்பட்ட மைக்ரேனுக்கு 2012 முதல் பொற்றொக்ஸ் ஊசி. அதன் பின், மைக்ரேனின்போது நரம்புகளிலிருந்து வெளிப்படும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைத் தடுக்கும் ஊசிகள் 2020 முதல் வரிசையாக அனுமதிக்கப்பட்டன. 2023இல் றிமெஜிபன்ற், 2024இல் அற்றோஜிபன்ற் என்று குளிசை வடிவிலும் வந்துவிட்டன. இந்த ஆராய்ச்சிக்காக 2021இல் மூளை ஆய்வுப் பரிசு பெற்ற நால்வரில் ஒருவர், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பேராசிரியர் பீற்றர் கோட்ஸ்பி. அதாவது இந்த ஊரிலேயே உலகத்தரம் வாய்ந்த வைத்தியம் இருக்கிறது. நாங்கள் ரிக்கற் போட்டுச் சென்னைக்குப் போகிறோம். ஜி.பி.யின் கடிதம் இன்றியே நேரடியாக அணுகக்கூடிய தேசிய மைக்ரேன் நிலையம் என்ற தொண்டு நிறுவனமும் உண்டு. முன்னர் அது சிட்டி ஒஃப் லண்டன் மைக்ரேன் கிளினிக் என்று அழைக்கப்பட்டது. கட்டணத்தை முதலில் கேட்டறியுங்கள். இறுக்கத் தலையிடிக்கு அக்குபங்சர் பத்துத் தடவை வரை செய்து பார்க்கலாம் என்று நைஸ் சொல்கிறது.

வீட்டு வைத்தியத்தை நான் இகழமாட்டேன். சுக்குப் பற்று, சித்தாலேப, 1893இல் தொடங்கிய அமிர்தாஞ்சனம் எல்லாம் எங்கள் அம்மாமாரின் கைமருந்து. மிளகுக்கீரைத் தைலத்தை நெற்றியில் பூசினால் இறுக்கத் தலையிடி தணிவதாக ஜெர்மனியில் நடந்த சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாள்தோறும் பூசினாலும் அவை குளிசைத் தலையிடியைத் தராது. கண்ணில் படாமல் பூசுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் அன்ரியின் கதையை முடிக்கவில்லை. அன்று அவரைக் கடைக்குள் இருந்த சிறிய அறையில் மருந்தாளரோடு இருத்தினோம். பிறகு அவர் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு ஜி.பி.யிடம் போனார். மிகையாக எடுத்த மருந்தைக் குறைந்தது ஒரு மாதம் முற்றாக நிறுத்த வேண்டும் என்பதே வைத்தியம். சாதாரண பரசிற்றமோல் என்றால் ஒரேயடியாக நிறுத்தலாம்; கோடீனை நெடுங்காலம் எடுத்தவர்கள் டொக்டரின் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்தியதும் தலையிடி முதலில் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எவரும் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். அவருக்கும் கூடியது. சத்தி, நித்திரையின்மை, எரிச்சல். மருமகள் ஒரு கிழமை லீவெடுத்துச் சமைத்தார். நெருங்கிய சொந்தத்தின் கலியாணம் ஒன்றுக்குப் போக முடியவில்லை. அதற்கு இன்னும் பேச்சு வாங்குகிறார். "உன்னை நம்பித்தானே விட்டனான் தம்பி, செத்துப்போவன் போல கிடக்கு" என்று கடைக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பயந்தேன் என்பதை மறைக்கவில்லை.

நாலாவது கிழமை ஒரு முழுநாள் தலையிடி இல்லாமல் போனது. இப்போது மாதத்தில் நாலைந்து நாள் வருகிறது, அது பழைய ஒற்றைத் தலையிடிதான். இரவில் அந்த 10 மில்லிகிராம் குளிசையை எடுக்கிறார். குசினியில் தமிழ்க்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்குகிறது. தலையிடி வந்த நாளுக்குச் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி, குளிசை எடுத்த நாளுக்கு நீலத்தில் ஒரு கோடு. ஜி.பி.யிடம் போகும்போது அதைக் கழற்றிச் சுருட்டிக் கொண்டு போகிறார். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் புள்ளியும் கோடும் விளங்குகிறதாம்.

நானும் முன்மேசையில் கேட்கும் கேள்வியை மாற்றிவிட்டேன். எத்தனை குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. "போன மாதம் எத்தினை நாள் எடுத்தனீங்கள்?" என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் பதில் சொல்லுமுன் மேலே பார்த்து விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள்.